சாக்கடை தாண்டிய பேய்

பேச்சாக்காரன் மத்தளத்தை ஓங்கி ஒரு தட்டுத் தட்டியதுதான் தாமதம், கமலவேணி கையிலிருந்த மீன் சட்டியைப் போட்டுவிட்டுக் குழாயடியிலேயே குந்திவிட்டாள். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டாள். வாயிலிருந்து கிளம்பிய அலறல் அவள் காதுக்கே கேட்கவில்லை. காஜா பேராங் பகுதியில் அந்த வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் கேட்டது.

தலையை நிமிர்த்தியபோது சட்டி கவிழ்ந்து கிடந்தது. கெம்போங் மீன் ஆறும் மண்ணில் புரண்டிருந்தன. அடுப்படி வாசலில் மாமியார் சிவகாமசுந்தரி நின்றுகொண்டிருந்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அவள் மீனைப் பார்க்காமல் மருமகளுடைய கண்ணையே பார்த்தாள், அதற்குள்ளே வேறு ஆள் யாராவது எட்டிப் பார்க்கிறார்களா என்று.

"யார் நீ?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"கமலாதான், அத்தை."

"அதைக் கேக்கல."

கமலவேணி மீனைப் பொறுக்கிச் சட்டியில் போட்டாள். ஒவ்வொரு மீனும் இரண்டு தடவை நழுவியது.

மத்தளம் ஒரு சினிமா விளம்பரத்துக்காக அடிக்கப்பட்டது. பேச்சா என்கிற அந்த மூன்று சக்கர ரிக்‌ஷாவின் இரு பக்கமும் தட்டி கட்டி, தட்டியில் கிணற்றுக்குள்ளிருந்து எழும் வெள்ளை உருவமும் வழிகிற ரத்தமுமாகத் தீட்டி, ரோட்டோடு ஊர்ந்துகொண்டு வந்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்தவன் தகரக் குழலை வாயில் வைத்து மலாயில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை, சீனத்தில் அரைத் தடவை கத்தினான். சிங்கப்பூரில் எடுத்த மலாய்ப் படமாம். தமிழ் நோட்டீசில் 'பாழுங் கிணறு' என்று பெயர் போட்டிருந்தது. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில், இருதய பலவீனம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தயவுசெய்து வர வேண்டாம், கொட்டகையில் நர்ஸ் இருப்பார்.

ஒரு நோட்டீஸ் பறந்து வந்து மீன் தண்ணீரில் ஒட்டிக்கொண்டது. கமலவேணி அதைப் பிரித்து எடுத்துப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், படிக்கப் படிக்க அவளுக்கு உயிர் திரும்பி வந்தது.

அது ஏன் என்று தெரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மெர்டேக்கா கிடைத்து எட்டாவது மாதம் அது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்த அதே நாளில்தான் இவளுடைய பயமும் வெளியே வந்தது. அதற்கு முன்பும் அவள் பயந்தவள்தான். காற்றில் கதவு அறைந்தால் பயம், லாரி டயர் வெடித்தால் பயம். கலியாணமாகி வந்த முதல் வருடம் முழுக்க அதை முந்தானைக்குள் மறைத்தே காலம் தள்ளினாள். ஆனால் அந்த ஆகஸ்டு மாதக் கடைசி நாளில் ஊரே சரம் சரமாகச் சீன வெடி கொளுத்தியபோது எதை எங்கே மறைப்பது? கட்டிலுக்கு அடியில் புகுந்தவள் மத்தியானம் வரைக்கும் வெளியே வரவில்லை. புருஷன் ஜெயபாலன் தரையில் படுத்துச் சோற்றுத் தட்டை உள்ளே தள்ளிக் கூப்பிட்டான். அவன் தம்பின் ஊருக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர். பஸ்ஸில் ஏறுகிற ஐம்பது பேரை ஒரு குரலில் அடக்குகிறவனுக்கு, கட்டிலுக்கு அடியில் நடுங்குகிற ஒருத்தியை என்ன சொல்லிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை.

சிவகாமசுந்தரியைப் பொல்லாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். மீனில் நடுத்துண்டை மருமகளுக்கு வைத்துவிட்டு வாலை எடுத்துக்கொள்கிற மாமியார் அவள். ஆனால் ஒரு பெண் காரணமில்லாமல் அலறினால் அதற்கு அவளுக்குத் தெரிந்த பெயர் ஒன்றே ஒன்று. தோட்டத்துப் பெண், ரப்பர் காட்டில் வளர்ந்தவள், எந்த மரத்தடியில் எது பிடித்ததோ. ஆகவே எட்டு மாதமாக அவள் மருமகளைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான். யார் நீ?

கமலவேணிக்கு அது யார் என்று தெரியாது. எது என்று தெரியும். ஜாசினுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில், காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசர காலத்தில், அவளுக்குப் பதினைந்து வயது. ஒரு விடியலில் அப்பா மறந்துவிட்டுப் போன பால்வெட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு பிரட்டுக்களத்துக்கு ஓடினாள். தினமும் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் இடம் அது. கங்காணி சுப்பையன் விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மரங்களுக்கு உள்ளேயிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மூன்று வெடிச் சத்தம். சுப்பையன் விழுந்தார். அப்பா ஓடிவந்து மகளுடைய வாயைப் பொத்தி, ரப்பர் பால் நாறும் உள்ளங்கையோடு காதில் சொன்னார். நீ ஒன்னும் பாக்கல. போலீஸ் வந்து கேட்டபோது அவள் ஒன்றும் பார்க்கவில்லை. காட்டுப் பக்கத்து ஆட்கள் வந்து விசாரித்தபோதும் ஒன்றும் பார்க்கவில்லை. யாரிடம் எதைச் சொன்னாலும் இன்னொரு பக்கத்துக்குப் போய்விடும் என்ற காலம் அது. ஏழு வருடம் ஆகிறது. அப்பாவின் கை இன்னும் அந்த வாயின் மேலேயே இருந்தது.

இப்போது காரியம் கைமீறப் போகிற நிலைமை. தெங்கேராவில் ஒரு கிடங்குக்கு வாட்ச்மேனாக இருக்கும் அப்பாசாமி வெள்ளிக்கிழமைகளில் மட்டும் சாமியாடி. அவரிடம் மாமியார் பேசி முடித்துவிட்டாள். அடுத்த வார வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் வந்து உடுக்கையடித்து, சாட்டை வீசி, வந்திருப்பது யார் என்று கேட்பார். பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விட்டால் நல்லது. பேசாமல் உட்கார்ந்திருந்தால், பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டால்தான் இறங்கும் என்று அப்பாசாமி முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதாவது ஜாசின் பக்கத்துத் தோட்டம், அப்பாவின் லயன் வீடு. அங்கிருந்து நாலு எட்டு வைத்தால் பிரட்டுக்களம்.

அதனால்தான் அந்த நோட்டீசைப் பார்த்து அவளுக்கு உயிர் வந்தது. ஊரே அலறும் ஒரு இடத்துக்கு இவர்களைக் கூட்டிப்போக வேண்டும். மாமியார் அலற வேண்டும், புருஷன் அலற வேண்டும். தன்னையறியாமல் கை காதுக்குப் போவது, தொண்டை தானாகத் திறந்துகொள்வது, இதெல்லாம் ஒரே ஒரு தடவை அவர்களுக்கும் நடந்துவிட்டால் போதும். அப்புறம் யார் யாரைப் பார்த்து யார் நீ என்று கேட்பது? எல்லாரும் அலறிய இடத்தில் இவளும் ஒருத்தி, அவ்வளவுதான்.

மாமியாரை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று அவள் கவலைப்படவே வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வீட்டு அஸ்மா அந்த வேலையைச் செய்துவிட்டாள். அஸ்மாவின் புருஷன் தாவூத் கொட்டகை வாசலில் கச்சான் கடலை விற்கிறவர், ஆகையால் படம் வருவதற்கு முன்பே படத்தைப் பற்றிய சேதி அந்த வீட்டுக்கு வந்துவிடும். வேலிக்கு மேலாக அஸ்மா அள்ளிவிட்டாள். சிங்கப்பூரில் ஒரு சிப்பாய் நாற்காலியோடு சாய்ந்துவிட்டானாம். மூவாரில் ஒரு பெண்ணுக்கு நடுக்கொட்டகையில் பிரசவ வலி வந்துவிட்டதாம். படம் ஓட்டுகிறவனே மிஷினை விட்டுவிட்டு ஓடினானாம். இங்கே கொட்டகை வாசலில் ஆஸ்பத்திரியில் வைத்திருப்பது போல் ஒரு தூக்குக் கட்டில் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள், தாவூத் கண்ணால் பார்த்தாராம்.

சிவகாமசுந்தரி இதையெல்லாம் கேட்டுவிட்டு கொண்டையை அவிழ்த்து முடிந்தாள். அப்புறம் மகனைக் கூப்பிட்டுச் சனிக்கிழமை மாட்டினி ஆட்டத்துக்கு மூன்று டிக்கெட் எடுக்கச் சொன்னாள். அவள் கணக்கு வேறு. அவ்வளவு பெரிய பேயைத் திரையில் பார்த்தால் மருமகளுக்குள் இருக்கும் சின்னப் பேய் தாங்காது, அங்கேயே வாயைத் திறந்து பெயரைச் சொல்லிவிடும். பெயர் கிடைத்துவிட்டால் வெள்ளிக்கிழமை அப்பாசாமிக்கு வேலை சுலபம். அஸ்மாவிடம் இதை அவள் மெல்லிய குரலில் சொன்னதாக நினைத்துக்கொண்டாள். துணி பிழிந்துகொண்டிருந்த கமலவேணிக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

பார்த்தீர்களா, ஒரே படத்துக்கு, ஒரே பெஞ்சுக்கு, ஒருத்தி இந்தக் கணக்கோடும் இன்னொருத்தி அந்தக் கணக்கோடும் கிளம்பினார்கள்.

சனிக்கிழமை வரைக்கும் கமலவேணி ஒரு இடத்தில் நிற்கவில்லை. பெருக்கிய இடத்தையே திரும்பப் பெருக்கினாள். உலையில் அரிசியைப் போட்டுவிட்டுப் போட்டோமா என்று திறந்து பார்த்தாள். வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவே ஓடும் லோங்காங் சாக்கடையின் மேல் ஒரு தடித்த பலகை உண்டு. பெருமழை வந்தால் சாக்கடைத் தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போகும் என்று எடுத்து வைப்பார்கள். மழை விட்டதும் மாமியார் அதைத் தூக்கி வந்து தொப்பென்று போடுவாள். போடும் ஒவ்வொரு தடவையும் கமலவேணி துள்ளுவாள். அந்த வாரம் மூன்று மழை பெய்தது. மூன்று தடவையும், பொறு பொறு, சனிக்கிழமை உனக்கும் தெரியும் என்று மனசுக்குள் மாமியாரோடு பேசினாள். படம் உண்மையிலேயே பயங்கரமாக இருக்க வேண்டும் என்று சந்நியாசிமலைக் கோயில் பக்கம் பார்த்துக் கும்பிடவும் கும்பிட்டாள். பயம் வேண்டும் என்று கடவுளைக் கேட்ட பெண் அந்த ஊரில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

கொட்டகையில் அன்றைக்குச் சரியான கூட்டம். செட்டிக் கம்பம் என்ற குடியிருப்புப் பெண்கள் கெபாயாச் சட்டையும் சாரோங்குமாக ஒரு வரிசை பிடித்திருந்தார்கள். தமிழ்க் குடும்பங்கள் வேப்பிலைக் கொத்தை மடியில் செருகிக்கொண்டு வந்திருந்தன. சில பேர் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். வாசலில் தூக்குக் கட்டில் இருந்தது, அதன் பக்கத்தில் வெள்ளை உடுப்போடு நர்சும் நின்றாள். சிவகாமசுந்தரி மருமகளின் நெற்றியில் திருநீற்றை அழுத்திப் பூசி, தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டாள். திரையைப் பார்க்க அல்ல, மருமகள் முகத்தைப் பார்க்க வசதியாக. கமலவேணியும் மாமியார் முகம் தெரியும்படியாகக் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தாள். நடுவில் மாட்டிக்கொள்ளாமல் ஜெயபாலன் ஓரத்தில் இருந்தான்.

விளக்கு அணைந்தது. பாட்டு ஒன்று வந்தது. அப்புறம் இன்னொரு பாட்டு. ஒரு தடியனும் ஒரு ஆடும் வெகுநேரம் விகடம் செய்தார்கள். கிணற்றைக் காட்டினார்கள். பேய் வரவில்லை. மறுபடி பாட்டு. கமலவேணியின் உள்ளங்கை வியர்த்து, துடைத்து, மறுபடி வியர்த்தது. இதோ, இதோ என்று அவள் காதைப் பொத்தத் தயாராக இருந்தாள்.

கடைசியாக அது வந்தது. கிணற்று விளிம்பில் முதலில் இரண்டு கை, அப்புறம் தலை. தலைமுடி தேங்காய் நார் என்று பின் பெஞ்சிலிருந்தே தெரிந்தது. முகத்துக்கு மாவு பூசியிருந்தார்கள். ஏறும்போது அதில் ஒரு துண்டு உதிர்ந்து கிணற்றுக்குள் விழுந்தது. பேய் கொஞ்சம் பருமன் வேறு, விளிம்பைத் தாண்ட இரண்டு தடவை முயன்றது. கொட்டகையில் யாரும் மூச்சு விடவில்லை. சரி, இப்போதுதான் வந்திருக்கிறது, இனிமேல் செய்யும் என்று எல்லாரும் மரியாதைக்குக் காத்திருந்தார்கள்.

பேய் கதாநாயகனைத் துரத்தியது. வாழைத்தோப்பில் கையை உயர்த்தி, வாயைப் பிளந்து, வெள்ளை அங்கி பறக்க ஓடி வந்தது. குறுக்கே ஒரு சாக்கடை. பேய் நின்றது. குனிந்து பார்த்தது. கையை இறக்கி, இரண்டு விரலால் அங்கியின் ஓரத்தைப் பிடித்து, கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, சேறு படாமல் ஒரு காலை எடுத்து அந்தப் பக்கம் வைத்தது. அப்புறம் இன்னொரு காலையும் வைத்தது. அங்கியை விட்டு, தட்டிச் சரி செய்துகொண்டு, மறுபடி கையை உயர்த்திக் கத்திக்கொண்டு ஓடியது.

முன் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏ பேயி, பலகை போடவா?"

அவ்வளவுதான். கொட்டகை இடிந்து விழுந்தாற்போல் ஒரு சிரிப்பு. செட்டிக் கம்பத்து வரிசை ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்ந்தது. வேப்பிலைக் கொத்துகள் திரையை நோக்கிப் பறந்தன. ஜெயபாலன் தொடையில் அடித்துக்கொண்டான். கமலவேணி மாமியாரைப் பார்த்தாள். மாமியார் வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டிருந்தாள், ஆனால் தோள் குலுங்கியது. பயந்த முகம் ஒன்றுகூட அந்தக் கொட்டகையில் இல்லை. வாரம் முழுக்க நம்பியிருந்தது இதைத்தானா? தேங்காய் நாரையும் மாவையுமா? அழலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். வந்தது சிரிப்பு. அடக்க அடக்க வந்தது. எல்லாரும் நிறுத்திய பிறகும், படம் அடுத்த பாட்டுக்குப் போன பிறகும், அவளுடைய சிரிப்பு மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது.

அப்போதுதான் மாமியாரின் தோள் நின்றுபோனதைக் கவனித்தாள்.

வெளியே வந்தபோது நர்ஸ் தூக்குக் கட்டிலில் உட்கார்ந்து தாவூதிடம் வாங்கிய கச்சானைத் தின்றுகொண்டிருந்தாள். டிக்கெட் கிழிப்பவனுடைய தங்கச்சிதானாம் அவள். ஒரு வாரத்துக்கு உடுப்பு வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். ஏமாந்த ஜனம் ஆளுக்கொரு வசவு வைதுகொண்டு கலைந்தது.

பஸ்ஸில் சிவகாமசுந்தரி சன்னல் பக்கம் திரும்பியபடி மகனிடம் சொன்னாள். "தட்டு விழுந்தா அலறுற பொண்ணு. பேயப் பாத்தா சிரிக்குது."

"எல்லாருந்தான் சிரிச்சாங்க, அம்மா."

"எல்லாரும் நிறுத்திட்டாங்க. பேயி பேயப் பாத்து எதுக்குடா பயப்படப் போவுது?"

பின் இருக்கையில் இருந்த கமலவேணிக்கு இது கேட்டது. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அலறினாலும் பேய், சிரித்தாலும் பேய் என்றால் ஒரு பெண் வாயை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது, நீங்களே சொல்லுங்கள்.

அடுத்த நாட்களில் அவள் வாயை எதற்கும் திறக்கவில்லை. ஜெயபாலனிடம் மட்டும் ஒரு நாள் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், வெள்ளிக்கிழமை வேண்டாமே என்றாள். அவன் பையை மாட்டிக்கொண்டே, ஒரு நாள்தானே, அம்மா மனசும் ஆறிடும், பொறுத்துக்கோ என்றான். தோட்டத்துக்கு அனுப்பினால்கூடக் கொஞ்ச நாளைக்குத்தான், லீவு கிடைக்கும்போதெல்லாம் வந்து பார்ப்பேன் என்றும் சொன்னான். நல்லவன்தான். அவள் சொல்லிவிடலாம் என்று நெருங்கினாள். தொண்டை வரைக்கும் வந்தது. அங்கே அப்பாவின் கை இருந்தது. பஸ்சுக்கு நேரமாகிறதென்று அவன் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே மாமியார் முற்றத்தைச் சாணம் தெளித்துக் கழுவினாள். ஒரு மணையைப் போட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் அஸ்மாவும், ரோட்டோரமாக அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். அப்பாசாமி முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லியனுப்பியிருந்தார். பேய் இறங்கிப் போனால் திரும்பி வருவதற்கு வழி இருக்கக் கூடாது, லோங்காங் மேலிருக்கும் பலகையை எடுத்துவிடுங்கள் என்று. அவர் சொன்னபடியே சிவகாமசுந்தரி பலகையை எடுத்து வேலியில் சாய்த்து வைத்தாள். முந்தின நாள் மழையில் லோங்காங் முக்கால் வாசி நிறைந்து கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

சரியாக உச்சியில் உடுக்கைச் சத்தம் கேட்டது. அப்பாசாமி ரோட்டு முனையிலிருந்தே அருளோடு வந்தார். இடுப்பில் சரிகை வைத்த சிவப்புப் பாவாடை, காலில் சலங்கை, கையில் சாட்டை, பல்லுக்கு நடுவே எலுமிச்சம்பழம். கண் மேலே செருகியிருந்தது. உடம்பு மொத்தமும் அதிர்ந்தது. மணையில் ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்த கமலவேணியின் நகம் மணைக்கட்டையைக் கீறியது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஓஓ என்று பிளிறிக்கொண்டு பாய்ந்து வந்தவர் லோங்காங் கரைக்கு வந்ததும் நின்றார்.

செருகியிருந்த கண் கீழே இறங்கியது. குனிந்து தண்ணீரைப் பார்த்தது. புதுப் பாவாடை, சரிகை வேறு. அப்பாசாமி சாட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு விரலால் பாவாடை ஓரத்தைப் பிடித்து, கணுக்காலுக்கு மேல் தூக்கினார்.

சிவகாமசுந்தரிக்கு வந்தவரை வரவேற்கும் பழக்கம் ரத்தத்தில் ஊறியது. சாமி தடுமாறுகிறதே என்று பதறிப்போய், கும்பிட்ட கையோடு, முழு பக்தியோடு கேட்டாள்.

"பலகை போடவா, சாமி?"

கேட்ட பிறகுதான் அவள் காதில் அது விழுந்தது. தொண்டையில் விக்கல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள். அதற்குள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அஸ்மா, அல்லாவே என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் யாரை யார் நிறுத்துவது? ஊர் முழுக்கப் பார்த்த படமாயிற்றே அது. அப்பாசாமி ஒரு கால் இந்தப் பக்கமும் ஒரு கால் அந்தப் பக்கமுமாக, பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி நிற்க, காஜா பேராங் பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி விழுந்து சிரித்தார்கள். முந்தானையைத் துப்பிவிட்டுச் சிவகாமசுந்தரி எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்தாள்.

அப்பாசாமி மறு காலையும் முற்றத்துப் பக்கம் வைத்துவிட்டு எலுமிச்சம்பழத்தைத் துப்பினார். அருள் எந்த வழியாகப் போனதென்றே தெரியவில்லை. அம்பாளை அவமதித்த வீட்டில் இனி கால் வைக்க மாட்டேன் என்றார். திரும்பினால் மறுபடி லோங்காங். மறுபடி பாவாடை ஓரம். சிரிப்பு இன்னொரு சுற்று கிளம்பியது. கோபம் தாங்காமல், ரோட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டு, சாட்டையை ஓங்கி ரோட்டில் ஒரு வீச்சு வீசினார்.

தார் ரோட்டில் அது வெடி மாதிரி வெடித்தது.

கமலவேணி அலறினாள். மணையிலிருந்து நழுவி, முற்றத்து மண்ணில் குந்தி, காதைப் பொத்தி, முகத்தை முழங்காலுக்குள் புதைத்தாள். சிரிப்பு பாதியில் அறுந்துபோயிற்று.

சிவகாமசுந்தரி மருமகளைப் பார்த்தாள். எட்டு மாதத்தில் இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் தன் நெஞ்சு அடித்துக்கொள்ள, திருநீற்றுத் தட்டைத் தேடிக்கொண்டே பார்த்தது அது. இன்றைக்கு அவளுக்குள் பயம் ஒரு பொட்டும் மிச்சமில்லை, எல்லாம் சிரித்துத் தீர்ந்துபோயிருந்தது. பயமில்லாத கண்ணால் பார்க்கும்போது அங்கே பேய் எதுவும் இல்லை. காதைப் பொத்திக்கொண்டு மண்ணில் குந்தியிருக்கும் ஒரு பெண். அந்தக் கை காதை எப்படிப் பொத்தியிருக்கிறது, அந்த முதுகு எந்தப் பக்கத்திலிருந்து அடி வரும் என்று எப்படி வளைந்திருக்கிறது என்பதெல்லாம் இப்போதுதான் அவள் கண்ணுக்குத் தெரிந்தது. சப்பான்காரன் விமானம் வந்த நாளில் தானும் இதே மாதிரிதான் வாய்க்காலுக்குள் குந்தியிருந்தோம் என்பது அவளுக்கு எங்கிருந்தோ ஞாபகம் வந்தது.

அவள் பெண்களைப் பார்த்துக் கையை அசைத்தாள். அவர்கள் போய்விட்டார்கள். அஸ்மாவும் வேலியை விட்டு நகர்ந்தாள். ரோட்டு வெறிச்சோடிய பிறகு சிவகாமசுந்தரி மருமகளுக்கு எதிரில் ஈர மண்ணில் தானும் குந்தினாள். தொடவில்லை. தொட்டால் இன்னும் பதறுவாள் என்று தோன்றியது. அப்புறம் புதிதாக ஒரு கேள்வி கேட்டாள்.

"என்னம்மா பாத்தே?"

கமலவேணி முகத்தை எடுத்தாள். ஒன்னும் பாக்கல என்று சொல்லத்தான் வாய் பழகியிருந்தது. ஏழு வருடமாக ஒரே பதில். ஆனால் அந்தக் கேள்வியை அவளிடம் இதற்கு முன் கேட்டவர்கள் எல்லாரும் துப்பாக்கி வைத்திருந்தார்கள். இவள் கையில் சாணம்தான் ஒட்டியிருந்தது.

"சுப்பையன் மாமா பேரு கூப்பிட்டுக்கிட்டு இருந்தாரு, அத்தை," என்றாள். "எங்கப்பா பேருக்கு வந்துட்டாரு. பாதிப் பேருதான் சொன்னாரு."

அப்புறம் மிச்சத்தைச் சொன்னாள். விளக்கு விழுந்து உருண்டதை, மூன்று சத்தத்தை, முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஒரு கோழி கூவியதை, வாயைப் பொத்திய கையை. சொல்லும்போது எழுந்தாள், நடந்தாள், திரும்ப வந்து குந்தினாள், ஒரு இடத்தில் இருந்து சொல்ல முடியவில்லை. ஒரு இடத்தில் மட்டும் சிவகாமசுந்தரி, உனக்கு அப்ப என்ன வயசு என்று கேட்டாள். பதிலைக் கேட்டு உச்சுக் கொட்டினாள்.

வெயில் முற்றத்தைத் தாண்டி அடுப்படிக்குப் போய்விட்டது. ஜெயபாலன் பஸ் வரும் நேரம். தோட்டத்துக்குப் போகும் பேச்சை யாரும் எடுக்கவில்லை, இனி எடுக்கப்போவதுமில்லை என்பது மாமியார் எதற்கும் இருக்கட்டும் என்று கட்டி வைத்திருந்த மருமகளுடைய பெட்டியைத் திண்ணையிலிருந்து இறக்கித் திரும்பக் கட்டிலுக்கு அடியில் தள்ளியபோதே தெரிந்துவிட்டது. கமலவேணிக்கு நடுக்கம் நிற்கவில்லை. அது ஒரு நாளில் நிற்கிற சமாசாரமா? அரிசி களையும்போது தண்ணீர் சிந்திக்கொண்டுதான் இருந்தது.

சிவகாமசுந்தரி வெளியே போய், வேலியில் சாய்த்திருந்த பலகையைத் தூக்கினாள். கமலவேணி சன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் தோளைச் சுருக்கிக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். அரிசிப் பானையை இறுகப் பிடித்துக்கொண்டு அந்தத் தொப்பென்ற சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

கிழவி உடம்பு, கனமான பலகை. முதலில் ஒரு முனையைக் குனிந்து அந்தக் கரையில் ஊன்றினாள். அப்புறம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறு முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள். விரல் நசுங்கியது. கையை உதறிக்கொண்டாள், சத்தம் போடவில்லை.

கமலவேணி இன்னும் காத்திருந்தாள். சத்தம் வராமல் போகவே கண்ணைத் திறந்து பார்த்தாள். பலகை எப்போதும் போல் லோங்காங் மேல் கிடந்தது. மாமியார் அதன் மேல் நின்று, பஸ் வரும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.